தவிட்டிலிருந்து சீரம் வரை: தோலைக் காக்கும் ஃபெரூலிக் அமிலம்

வைட்டமின் சி சீரம் பாட்டில்களில் இன்று தவறாமல் இடம்பெறும் தாவரப் பொருள் இது. எங்கிருந்து வருகிறது, எதைச் செய்யும், எதைச் செய்யாது?

ரைஸ் மில்லில் 100 கிலோ நெல்லை அரைத்தால், சுமார் 20 கிலோ உமியாகப் போகும். ஏறக்குறைய 8 கிலோ தவிடு விழும். மீதிதான் அரிசி. உமி பாய்லருக்குப் போகிறது, அரிசி மூட்டை ஏறுகிறது. தவிடு மாட்டுத் தீவனத்துக்கும் எண்ணெய் ஆலைக்குமாகப் பிரிகிறது. மில்லில் இருந்து அப்போதுதான் இறங்கிய தவிட்டைக் கையில் அள்ளிப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். வெளிர் பழுப்பு நிறம், மாவைவிடச் சற்றுச் சொரசொரப்பு, விரலை உரசினால் லேசான எண்ணெய்ப் பசை.

அந்தத் தவிட்டுக்குள் இருக்கும் ஒரு பொருள்தான் உலகின் விலையுயர்ந்த முகச் சீரம்களில் முக்கியமான வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் ஃபெரூலிக் அமிலம். தோல் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள், அழகுக்கலை நிபுணர்கள் பேசுகிறார்கள், மருந்துக்கடை அலமாரியிலும் மொபைல் ஆப்பிலும் கிடைக்கிறது. கல்லூரி மாணவி முதல் நடுத்தர வயதுக்காரர் வரை பலரும் வாங்குகிறார்கள். ஆனால், 'முகம் வெள்ளையாகும்' என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்த நம்பிக்கை தவறு. வெயிலும் புகையும் தோலுக்குச் செய்யும் கெடுதலைக் குறைப்பதுதான் இதன் வேலை. அதைப் புரிந்துகொண்டு பயன்படுத்தினால் இது நல்ல பொருள். புரியாமல் வாங்கினால் காசுக்குக் கேடு.

பெருங்காயப் பிசினில் கிடைத்தது

ஃபெரூலிக் அமிலத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தது 1866-ம் ஆண்டு. ஹிளாசிவெட்ஸ், பார்த் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஆஸ்திரியாவில் அந்த வேலையைச் செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட மூலப்பொருள் நம் சாம்பாரிலும் ரசத்திலும் விழும் பெருங்காயம். ஈரான், ஆப்கானிஸ்தான் பகுதிகளில் வளரும் ஃபெரூலா என்ற செடியின் வேரைக் கீறினால் வடியும் பிசின்தான் பெருங்காயம். அந்தச் செடியின் பெயரையே அமிலத்துக்கும் வைத்தார்கள். பெருங்காயத்தின் நெடிக்கும் இந்த அமிலத்துக்கும் சம்பந்தமில்லை. நெடி கந்தகச் சேர்மங்களால் வருவது.

பிறகு தேடத் தேட, இது பெருங்காயத்தில் மட்டும் இருப்பதல்ல என்று தெரிந்தது. அரிசி, கோதுமை, மக்காச்சோளம், ஓட்ஸ் என்று புல்லினத்தைச் சேர்ந்த தானியங்கள் அனைத்திலும் இருக்கிறது. காபிக்கொட்டை, ஆரஞ்சு, கூனைப்பூ ஆகியவற்றிலும் உண்டு. சீன மருத்துவத்தில் பெண்களுக்குக் கொடுக்கும் டாங்குவாய் வேரிலும் இது முக்கியமான சேர்மம்.

தாவரத்துக்கு இது எதற்கு? செல் சுவரில் உள்ள நார்ச்சத்துச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பது இதன் முதல் வேலை. அந்தப் பிணைப்பால்தான் சுவர் உறுதியாகிறது. பூச்சியும் பூஞ்சையும் எளிதில் உள்ளே நுழைய முடிவதில்லை. வெயிலில் நிற்கும் செடியைப் புற ஊதாக் கதிரிலிருந்து காப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. நாள் முழுக்க வெயிலில் நின்றே ஆகவேண்டிய உயிர், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே தயாரித்துக்கொண்ட பொருள் இது. தானியத்தில் இது அதிகம் குவிந்திருப்பது வெளித்தோலில்தான். பாலிஷ் போட்டு நாம் நீக்கும் தவிட்டோடு பெரும்பகுதி போய்விடுகிறது.

தவிட்டில் 15 முதல் 20 சதவிகிதம் வரை எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெயில் 'ஒரைசனால்' என்ற பொருள் ஏறக்குறைய 1 முதல் 2 சதவிகிதம். 1950-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த இந்த ஒரைசனால், ஃபெரூலிக் அமிலமும் தாவரக் கொழுப்புகளும் சேர்ந்த கூட்டுப்பொருள். தவிட்டு எண்ணெய் விளம்பரங்களில் இந்தப் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது ஒரைசனாலின் பெரும்பகுதி கசண்டோடு வெளியே போகும். அந்தக் கசண்டைக் காரக் கரைசலில் சூடாக்கினால் பிணைப்பு உடைந்து ஃபெரூலிக் அமிலம் தனியே வரும். ஜப்பானின் வாகயாமா மாகாணத்தில் 1990-களில் இந்த முறையைத் தொழிலாகவே வளர்த்தெடுத்தார்கள். அதே நாட்டில் அதற்கும் நூற்றாண்டுகளுக்கு முன்பே, சிறு துணிப்பையில் தவிட்டைக் கட்டி, வெந்நீரில் நனைத்து உடம்பு தேய்க்கும் வழக்கம் இருந்தது.

நெல் விளையும் தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. பச்சரிசித் தவிட்டில் உள்ள லைபேஸ் என்ற நொதி, அரைத்த சில மணி நேரத்திலேயே எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். தவிடு சிக்கு வாடை அடிப்பது அதனால்தான். நெல்லைப் புழுக்கும்போது அந்த நொதி செயலிழந்துவிடுகிறது. அதனால் புழுங்கல் தவிடு சீக்கிரம் கெடுவதில்லை. எண்ணெய் அளவும் பச்சரிசித் தவிட்டைவிடக் கூடுதல். எண்ணெய் ஆலைகள் புழுங்கல் தவிட்டைத் தேடி வாங்குவதற்கு இதுதான் காரணம்.

வெயில் தோலுக்குள் என்ன செய்கிறது?

ஃபெரூலிக் அமிலத்தின் பயனைப் புரிந்துகொள்ள, முதலில் வெயிலின் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூமிக்கு வந்துசேரும் புற ஊதாக் கதிர்களில் 90 சதவிகிதத்துக்கும் மேல் 'ஏ' வகை. மீதி 'பி' வகை. பி வகைக் கதிர் தோலின் மேலடுக்கில் நின்று எரிச்சலையும் சிவப்பையும் உண்டாக்கும், செல்லின் டி.என்.ஏ-வை நேரடியாகத் தாக்கும். ஏ வகைக் கதிர் இன்னும் ஆழமாக இறங்கும். வீட்டு ஜன்னல் கண்ணாடி பி வகையைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஏ வகைக்கு அந்தக் கண்ணாடி பெரிய தடையே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும், பகலெல்லாம் வண்டி ஓட்டுபவருக்கும் வெயில் படாமலே வெயிலின் பாதிப்பு வருவது இப்படித்தான்.

இந்தக் கதிர்கள் தோலில் படும்போது 'ஃப்ரீ ராடிக்கல்' எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகள் உருவாகின்றன. அவற்றில் ஓர் எலெக்ட்ரான் ஜோடி இல்லாமல் நிற்கும். ஜோடி தேடி, அருகில் இருக்கும் எதிலிருந்தாவது எலெக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்த மூலக்கூறு, தானும் பறிக்கக் கிளம்பும். செல்லின் கொழுப்புச் சவ்வு, புரதங்கள், டி.என்.ஏ என்று வரிசையாகப் பாதிக்கப்படுகின்றன. தோலுக்கு உறுதியைத் தரும் கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளும் தூண்டப்படுகின்றன. வாகனப் புகையும் சிகரெட் புகையும் இதே வேலையைச் செய்கின்றன.

விளைவு உடனே தெரியாது. பத்து, இருபது ஆண்டுகளில் சுருக்கம், தளர்ச்சி, திட்டுத்திட்டான கருமை என்று வெளியே வரும். ஆண்டுக்கணக்கில் லாரி ஓட்டியவர்களில் ஜன்னல் பக்கத்துக் கன்னம் மட்டும் கூடுதலாகச் சுருங்கியிருந்ததை மருத்துவ இதழ்கள் படத்தோடு பதிவுசெய்திருக்கின்றன. அதே முகம், அதே வயது. ஒரு பக்கத்துக்கு மட்டும் வெயில்.

நம் ஊர் வெயிலின் கடுமையைச் சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் புற ஊதாக் குறியீட்டில் 11-ம் அதற்கு மேலும் என்பதை உச்சகட்ட ஆபத்துப் பிரிவாக வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் கோடைக்கால நண்பகலில் அந்த அளவு சாதாரணமாக எட்டப்படுகிறது.

தானே முன்வந்து கொடுக்கும் மூலக்கூறு

ஆன்டி ஆக்ஸிடன்ட் என்பது, ஃப்ரீ ராடிக்கல் கேட்கும் எலெக்ட்ரானைத் தானே கொடுத்து, அந்தப் பறிப்புச் சங்கிலியை அறுக்கும் பொருள். கொடுத்த பிறகும் தான் நிலைகுலையாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே அடுத்த ஃப்ரீ ராடிக்கலாகிவிடும். ஃபெரூலிக் அமிலத்தின் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. அதன் அமைப்பில் ஒரு பென்சீன் வளையமும், அதையொட்டி நீளும் ஒரு பக்கச் சங்கிலியும் உண்டு. எலெக்ட்ரான் போன வெற்றிடத்தின் பாரத்தை அந்த அமைப்பு முழுக்கப் பரப்பிவிடுவதால், எந்த ஓரிடத்திலும் பதற்றம் இருப்பதில்லை. பிறரைத் தாக்கும் வேகம் அதற்கு வராது.

இரண்டாவது குணம், புற ஊதாக் கதிரை ஓரளவு உறிஞ்சுவது. குறிப்பாக பி வகை அலைநீளங்களில் இது நடக்கிறது. சன்ஸ்க்ரீன் அளவுக்கு அல்ல, துணையாக மட்டும்.

மூன்றாவது குணம்தான் இதைச் சீரம் உலகின் நட்சத்திரமாக்கியது. வைட்டமின் சி-யை இது கெடாமல் காக்கிறது.

வைட்டமின் சி தோலுக்கு மிக நல்லது. கொலாஜன் உற்பத்திக்குத் தேவை, நிறமி அதிகமாவதைக் கட்டுப்படுத்தும், ஃப்ரீ ராடிக்கலை அடக்கும். ஆனால், தண்ணீரில் கரைத்து வைத்தால் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டு விரைவில் கெட்டுப்போகும். நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பாவதுபோல, தெளிவாக இருந்த சீரம் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். அந்த நிலையில் அதைப் பூசிப் பயனில்லை. இந்தச் சிக்கலுக்கு விடை தேடியபோதுதான் தவிட்டுப் பொருள் உதவிக்கு வந்தது.

டியூக் பல்கலைக்கழகத்தில் கிடைத்த விடை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் ஷெல்டன் பின்னெல். வைட்டமின் சி-யைத் தோலுக்குள் செலுத்துவது எப்படி என்பதையே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2001-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு அடிப்படை விதிகளை வகுத்தது. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.ஹெச் அளவு 3.5-க்குக் கீழே இருந்தால்தான் எல்-அஸ்கார்பிக் அமிலம் (அதாவது வைட்டமின் சி) தோலுக்குள் நன்றாக இறங்கும். 20 சதவிகிதம் வரை அளவு கூடக் கூட உறிஞ்சலும் கூடும், அதற்கு மேல் பயனில்லை. உள்ளே போனது பாதியாகக் குறைய ஏறக்குறைய நான்கு நாட்கள் ஆகும்.

2005-ல் அடுத்த ஆய்வு வந்தது. 15 சதவிகிதம் வைட்டமின் சி, 1 சதவிகிதம் வைட்டமின் இ கலந்த கரைசலில் 0.5 சதவிகிதம் ஃபெரூலிக் அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டு வைட்டமின்களும் கெடாமல் நிற்கும் காலம் கூடியது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. வைட்டமின்கள் மட்டும் இருந்த கரைசல், சூரிய ஒளியை ஒத்த விளக்கொளியிலிருந்து தோலுக்கு நான்கு மடங்கு பாதுகாப்புக் கொடுத்தது. ஃபெரூலிக் அமிலம் சேர்ந்ததும் அது ஏறக்குறைய எட்டு மடங்கானது. வெயிலில் கருகிச் சாகும் செல்களின் எண்ணிக்கை குறைந்தது. தோல் புற்றுநோய்க்கு வழிவிடக்கூடிய டி.என்.ஏ சேதமும் குறைந்தது.

இந்த மூன்றும் ஏன் சேர்ந்து வேலை செய்கின்றன? வைட்டமின் இ கொழுப்பில் கரைவது, செல் சவ்வுக்குக் காவல் நிற்கும். அது எலெக்ட்ரானை இழந்ததும், நீரில் கரையும் வைட்டமின் சி அதற்கு ஒன்றைக் கொடுத்து மீட்டெடுக்கும். இரண்டும் சீக்கிரம் தீர்ந்துவிடாமல் ஃபெரூலிக் அமிலம் தாங்கிப்பிடிக்கும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

2008-ல் இதே கலவையை ஒரு சிறு குழுவினரின் தோலில் நான்கு நாட்கள் பூசி, பிறகு புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். மனிதத் தோலிலும் சிவப்பும் டி.என்.ஏ சேதமும் குறைந்தது உறுதியானது.

இதன் வணிக மதிப்பு உடனே உணரப்பட்டது. பின்னெலின் ஆய்வுகளை அடித்தளமாகக் கொண்ட ஸ்கின்சூட்டிகல்ஸ் நிறுவனத்தை, 2005-லேயே லோரியல் வாங்கியது. கலவைக்குக் காப்புரிமை பெறப்பட்டது. 2018-ல் டிரங்க் எலிஃபன்ட் என்ற நிறுவனத்தின் சீரம் அந்தக் காப்புரிமையை மீறுகிறது என்று லோரியல் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது. ஸ்கின்சூட்டிகல்ஸின் அந்த மூலச் சீரத்தின் 30 மில்லி குப்பி அமெரிக்காவில் 180 டாலருக்கு மேல் விற்கிறது. அதே மூன்று பொருட்களைக் கொண்ட இந்தியத் தயாரிப்புகள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன.

இங்கே ஓர் உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2005 ஆய்வு நடந்தது பன்றித் தோலில். மனித ஆய்வில் பங்கேற்றவர்கள் மிகச் சிலர். ஆய்வாளர்களுக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் தொடர்பு இருந்தது. ஆய்வு பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஆய்வக முடிவுகள் தெளிவானவை, இந்தப் பொருள் வேலை செய்யும் விதமும் வேதியியல் ரீதியாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. ஆனால் 'பத்தே நாளில் பத்து வயது குறையும்' என்று விளம்பரம் சொன்னால் அதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் கிடையாது.

வெள்ளையாக்குமா?

ஆக்காது. ஆக்கவும் தேவையில்லை.

நம் தோலில் இருக்கும் மெலனின், இயற்கை நமக்குக் கொடுத்த பாதுகாப்பு. வெளிர் தோலைவிடக் கருந்தோல், புற ஊதாக் கதிரைப் பல மடங்கு அதிகமாகத் தடுக்கிறது என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே அளந்து சொல்லப்பட்ட செய்தி. அந்த நிறத்தைக் குறையாகக் காட்டித்தான் இந்தியாவில் பல கோடி ரூபாய்க்குக் க்ரீம் விற்கிறார்கள். அந்தச் சந்தையின் விளைவு என்ன தெரியுமா? ஸ்டீராய்டு கலந்த களிம்பை மாதக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரிய, முகம் முழுக்கப் பருவோடு தோல் மருத்துவரிடம் வரும் இளம்பெண்கள். நிலைமை முற்றியதால் 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம்களைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது கண்டறியப்பட்டது. நிறத்தை மாற்றப் போய் சிறுநீரகத்தையே இழக்கும் நிலை.

ஃபெரூலிக் அமிலம் அந்த வரிசையில் வைக்க வேண்டிய பொருள் அல்ல. பிறவி நிறத்தை இது மாற்றாது. வெயிலால் கூடுதலாக வந்த கருமையையும், பரு ஆறிய இடத்தில் நிற்கும் தழும்பின் கருமையையும், வைட்டமின் சி-யோடு சேர்ந்து மெதுவாகக் குறைக்க உதவும். அதற்கும் வாரங்கள் போதாது, சில மாதங்கள் பொறுக்க வேண்டும். கன்னத்தில் பட்டையாக விழும் மங்குக்கு இது துணை மருந்து மட்டுமே. மங்கு ஹார்மோனாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியாலும்கூடக் கூடுவது. அதற்குத் தோல் மருத்துவரின் சிகிச்சையும், இரும்பு ஆக்ஸைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்க்ரீனும் தேவை.

தவிட்டையே பூசலாமே?

இந்தக் கேள்வி நியாயமானது. தவிட்டில் இருக்கிறது என்றால் தவிட்டைக் குழைத்துப் பூசினால் போதாதா? அரிசி கழுவிய நீரில் முகம் கழுவினால் என்ன?

தவிட்டில் உள்ள ஃபெரூலிக் அமிலத்தில் பெரும்பகுதி நாரோடு இறுகப் பிணைந்திருக்கிறது. காரத்தாலோ நொதியாலோ அந்தப் பிணைப்பை உடைத்தால்தான் வெளியே வரும். முகத்தில் பத்து நிமிடம் பூசி வைப்பதால் உடையாது. தவிட்டுப் பூச்சு அழுக்கை எடுக்கும், லேசான எண்ணெய்ப் பசையால் தோல் மிருதுவாகும். பிடித்திருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். சீரத்தின் வேலையை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். முகத்தில் அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். சொரசொரப்பான துகள் உரசி ஏற்படும் நுண்ணிய காயமும், நம் நிறத் தோலில் கருந்தழும்பாக நிற்கும்.

பெருங்காயத்தைக் குழைத்து முகத்தில் பூசச் சொல்லும் வீடியோக்களும் உலவுகின்றன. அதைச் செய்யவே செய்யாதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் தோலில் எரிச்சலையும் கொப்புளத்தையும் உண்டாக்கக்கூடும்.

தவிட்டின் நன்மை வேண்டுமென்றால் சாப்பிடுவதே சரியான வழி. கைக்குத்தல் அரிசி, முழுக் கோதுமை, சிறுதானியங்களில் பிணைந்திருக்கும் ஃபெரூலிக் அமிலத்தைப் பெருங்குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் உடைத்து விடுவிக்கின்றன. அது உடம்புக்கு நல்லது. தோலின் மேற்பரப்பில் பாதுகாப்பு வேண்டுமென்றால் மேலே பூசத்தான் வேண்டும்.

இன்னொன்று. 'முழுக்க இயற்கை' என்ற வார்த்தைக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ஃபெரூலிக் அமிலத்தைத் தவிட்டிலிருந்தும் எடுக்கலாம், வனிலின் என்ற பொருளிலிருந்து ஆய்வகத்திலும் தயாரிக்கலாம். சுத்தமாக இருந்தால் இரண்டும் ஒரே மூலக்கூறுதான். தோலுக்கு வித்தியாசம் தெரியாது.

வாங்கும் முன், பூசும் முன்

லேபிளைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் எல்-அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி), டோகோஃபெரால் (வைட்டமின் இ), ஃபெரூலிக் அமிலம் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபெரூலிக் அமிலம் பட்டியலில் பின்னால் இருந்தால் கவலை வேண்டாம். தேவையான அளவே அரை சதவிகிதம்தான். வைட்டமின் சி 10 முதல் 20 சதவிகிதத்துக்குள் இருந்தால் போதும். முதன்முறை வாங்குகிறவர்கள் 10 சதவிகிதத்தில் தொடங்குவது நல்லது.

பாட்டிலைப் பாருங்கள். அடர் பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியோ, காற்றுப் புகாத பம்ப்போ இருக்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைக் கண்ணாடியில், வாய் அகன்ற டப்பாவில் வரும் வைட்டமின் சி உங்கள் வீட்டுக்கு வருவதற்குள்ளேயே பாதி கெட்டிருக்கலாம். பெரிய பாட்டில் லாபம் என்று வாங்காதீர்கள். இரண்டு, மூன்று மாதத்துக்குள் தீரும் அளவே போதும்.

வைக்கும் இடம் முக்கியம். நம் ஊர் மே மாதத்தில் குளியலறை அலமாரியிலும், ஜன்னலோர மேசையிலும் வைக்காதீர்கள். இருட்டான, குளிர்ச்சியான இடம் வேண்டும். ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டு நல்ல இடம். ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு அவ்வப்போது நிறம் பாருங்கள். வெளிர் வைக்கோல் நிறம் சரி. அடர் ஆரஞ்சோ பழுப்போ வந்துவிட்டால் தூக்கிப்போடுங்கள்.

முதலில் சோதியுங்கள். முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுப் பூசி, இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். பூசியதும் சில நொடி சுள்ளென்று இருப்பது அமிலத்தன்மையால் வருவது. எரிச்சல் தொடர்ந்தால் கழுவிவிடுங்கள். கரப்பான் உள்ளவர்கள், முகம் அடிக்கடி சிவக்கும் தோல் உள்ளவர்கள், முகத்துக்கு ஏற்கெனவே மருந்துக் களிம்பு பூசுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

காலையில் பூசுங்கள். முகத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மூன்று நான்கு சொட்டை முகத்துக்கும் கழுத்துக்கும் பரவலாகத் தடவுங்கள். ஓரிரு நிமிடம் கழித்து மாய்ஸ்சரைசர், அதற்கு மேல் சன்ஸ்க்ரீன். ரெட்டினால் பயன்படுத்துகிறவர்கள் அதை இரவுக்கு ஒதுக்கிவிடுங்கள். பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு பூசுகிறவர்களும் இரண்டையும் ஒரே நேரத்தில் பூசக் கூடாது, அது வைட்டமின் சி-யைச் சிதைத்துவிடும். ஒரு நாள் மறந்துபோனால் பதற வேண்டாம். உள்ளே போன வைட்டமின் சி சில நாட்களுக்குத் தங்கும்.

சன்ஸ்க்ரீனுக்கு மாற்று அல்ல

எட்டு மடங்கு பாதுகாப்பு என்று மேலே சொன்னேன். அதை எஸ்.பி.எஃப் 8 என்று எடுத்துக்கொண்டு சன்ஸ்க்ரீனைக் கைவிடுவது பெரிய ஆபத்து. சன்ஸ்க்ரீன் கதிரை வாசலிலேயே தடுக்கிறது. ஆனால் எந்த சன்ஸ்க்ரீனும் முழுமையாகத் தடுப்பதில்லை. அதிலும் நாம் பூசுவது, பரிசோதனையில் பயன்படுத்தும் அளவில் பாதிகூட இருப்பதில்லை. தப்பி உள்ளே வரும் கதிர் உண்டாக்கும் ஃப்ரீ ராடிக்கல்களை அடக்குவதுதான் ஆன்டி ஆக்ஸிடன்டின் பங்கு. இரண்டுக்கும் வெவ்வேறு வேலை. ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகாது.

ஆகவே கையில் இருக்கும் பணத்தை இந்த வரிசையில் செலவிடுங்கள். முதலில் குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை. அடுத்து எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத, ஏ வகைக் கதிரையும் தடுக்கும் சன்ஸ்க்ரீன். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். இவை பழக்கமான பிறகும் பணம் மிஞ்சினால் ஃபெரூலிக் அமிலம் சேர்ந்த வைட்டமின் சி சீரம் வாங்குங்கள். அப்போது அது கொடுத்த காசுக்கு உழைக்கும்.

மாதம் சில நூறு ரூபாய்கூட இதற்கு ஒதுக்க முடியாதவர்கள் எதையோ இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வெயிலில் கல் சுமக்கும், நாற்று நடும், காய்கறி வண்டி தள்ளும் பெண்களுக்கு எந்தச் சீரத்தையும்விட அதிகம் உதவுவது தலைக்கு ஒரு துண்டும், நண்பகலில் ஒதுங்க ஒரு நிழலும்தான். வேலை கொடுப்பவர்கள் அதை உறுதிசெய்ய வேண்டும்.

வீட்டில் பதின்ம வயதுப் பெண்ணோ பையனோ இருந்தால், இன்றே ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள். தோலுக்குச் செலவிடுவது அதைக் காப்பதற்காக இருக்கட்டும், நிறத்தை மாற்றுவதற்காக வேண்டாம். 'சிவப்பாக்கும்' என்று லேபிளில் எழுதியிருந்தால், அது எந்தத் தாவரத்திலிருந்து வந்தது என்று சொன்னாலும், அந்த டப்பாவைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.